விரிப்பின் மறுமுனை

சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் அங்கே ஒருத்திதான், அவளுடைய புருஷனின் தங்கை. அந்த ஒருத்தி காலையிலிருந்து சாயங்காலம் வரை "அண்ணி, அண்ணி" என்று கூடம் அதிரக் கூப்பிட்டதில், கொதிகலன் பார்க்கிறவரிலிருந்து அழுக்குத்துணி வண்டி தள்ளுகிறவர் வரை எல்லார் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அண்ணி என்றார்கள். நாத்தனாரைச் சின்னவள் என்றார்கள். இரண்டு பேருடைய சொந்தப் பெயரும் சம்பளச் சீட்டில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

கூடம் பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், புகைபோக்கிக்கு அடியில் இருந்தது. ஒரு வாசல் வழியாக ரத்தமும் சீழும் மருந்துமாக வரும் துணி, மறுவாசல் வழியாக வெள்ளை வெளேரென்று போகும். நடுவில் நடப்பதைப் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இன்னும் கொஞ்சம் மரியாதையோடு படுப்பார்கள். துவைக்கும் இயந்திரங்கள் ஒரு வரிசை, பிழியும் இயந்திரங்கள் ஒரு வரிசை, அதற்கப்புறம் ஆள் நீளத்துக்குச் சூடான உருளைகள். அந்த உருளைகளுக்குள் ஈரமாகப் போன படுக்கை விரிப்பு மறுபக்கம் அப்பளமாக வந்து விழும். விழுந்ததும் இரண்டு பேர் அதை எடுத்து மடிக்க வேண்டும். கை சுடும். நூல்தூசி மூக்கில் ஏறும். கறை தெரிந்தால் ஒரு பக்கம், கிழிசல் தெரிந்தால் ஒரு பக்கம், நல்லது மட்டும் அடுக்கில். இதெல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் நடக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த விரிப்பு உருளையை விட்டு வந்துகொண்டிருக்கும்.

அண்ணியும் சின்னவளும் மடிப்பதைப் பார்க்கவே வார்டு ஆயாக்கள் வந்து நிற்பார்கள். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலை பிடிப்பார்கள். ஒரே உதறல். முதல் மடிப்பு நீளவாக்கில், இரண்டாவது மடிப்பும் நீளவாக்கில். அதற்கப்புறம் சின்னவள் தன் முனையைத் தூக்கிக்கொண்டு அண்ணியை நோக்கி நடந்து வந்து கையில் கொடுப்பாள், அது மூன்று. குனிந்து தொங்கும் மடிப்பை எடுத்து நிமிர்வாள், அது நாலு. அண்ணி நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டாள். முதலில் வேலைக்கு வந்தவள் அண்ணி என்பதால் அவள் நிற்பவள் ஆனாள், பின்னால் வந்தவள் என்பதால் சின்னவள் நடப்பவள் ஆனாள். அதை யாரும் தீர்மானிக்கவில்லை. மற்றவர்கள் நாளுக்கொரு ஜோடி மாற்றிக்கொண்டார்கள். இவர்கள் மாற்றியதே இல்லை.

வீட்டிலும் கூடத்திலும் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சண்டை வராமல் இருக்குமா? வரும். ஆனால் வாயால் போட மாட்டார்கள். விரிப்பை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் சின்னவளுக்குக் கோபம். உதறும்போது காற்று இல்லாமல் தொய்ந்து விழுந்தால் அண்ணிக்கு மனசு சரியில்லை. கல்யாணம் கசந்துபோய் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்ற சின்னவள், முதல் சில மாதங்கள் யாரோடும் பேசவில்லை. அண்ணியும் அதைத் தோண்டவில்லை. ஒருநாள் காலையில் "கிளம்பு" என்று மட்டும் சொல்லிக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு விரிப்பின் முனையைக் கையில் கொடுத்தாள். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்ற சொல் அவள் காதில் விழாமலே போயிற்று. அண்ணி செய்த காரியங்களில் அதுதான் பெரியது என்று நான் சொல்வேன், ஆனால் அவளிடம் சொன்னால், "ஆள் பத்தல, கூட்டிட்டுப் போனேன்" என்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது வீட்டில் ஒரு இடி விழுந்தது. அண்ணியின் புருஷன் கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கிறவர், எல்லாருக்கும் பெயிண்டர். ஈரச் சாரத்தில் கால் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டோடு முன்னறைக் கட்டிலில் வந்து கிடந்தார். அந்த வாரமே கூடத்தில் இன்னொரு இடி. புது மேடம் வந்திருந்தாள், சலவைப் பகுதி முழுவதற்கும் மேலதிகாரி. அவளுக்குத் தமிழ் தெரியாது. எல்லாரையும் நிற்கவைத்து அவள் சொன்னதை டீச்சர் என்று கூட வந்த பெண் தமிழில் சொன்னாள்.

"மடிக்கிறதுக்கு மெஷின் வருதுக்கா. உருளையிலேர்ந்து அதுவே இழுத்து, அதுவே மடிச்சு, அதுவே அடுக்கிடும். மடிக்கிற ஆள் இனிமே தேவைப்படாது. ஆனா வார்டுல துணி கொடுத்து வாங்க ஆள் வேணும். அங்க நர்சுங்க பல தேசத்துக்காரங்க. இங்கிலீஷ் பேசினாத்தான் வேலை நடக்கும். நான் சொல்லித் தர்றேன். கடைசியில மேடம் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பாங்க. தேறினா வார்டு."

"தேறலன்னா?" என்றாள் சின்னவள்.

டீச்சர் நல்ல பெண். "வேலை முடிஞ்சதும் வகுப்புக்கு வந்திடுங்கக்கா" என்றாள்.

வேலை முடிந்த பிறகு சோப்புத்தூள் மூட்டைகளுக்கு நடுவே வகுப்பு நடந்தது. டீச்சர் பலகையில் நாலு கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் யார், இரண்டாவதில் என்ன செய்கிறார், மூன்றாவதில் எதை, நாலாவதில் எங்கே அல்லது எப்போது.

"அவ்வளவுதான்கா இங்கிலீஷ். நாலு கட்டத்தை ரொப்பத் தெரிஞ்சா போதும். எங்க, வீ. வீன்னா நாம. ஃபோல்ட். த ஷீட்ஸ். இன் த ஹால்."

"டீச்சர், நாம விரிப்பை மடிக்கிறோம்னுதானே சொல்வோம்? மடிக்கிறது கடைசியில வரணுமே."

"இதுல ரெண்டாவதா வந்திடும். யாருன்னு சொன்ன கையோட என்ன பண்றாங்கன்னு சொல்லிடணும்."

அண்ணிக்குப் பலகையில் இருந்தவரை புரிந்தது. பலகையை அழித்ததும் மண்டையிலிருந்தும் அழிந்தது. மறுநாள் கூடத்தில் நின்றுகொண்டு அந்த நாலு கட்டத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்று, வராமல், கோபத்தில் விரிப்பை ஓங்கி ஒரு உதறு உதறினாள். சின்னவள் கையிலிருந்து முனை நழுவிவிட்டது.

"என் மேல என்ன கோபம் அண்ணி?"

"உன் மேல இல்லடி. அந்த நாலு கட்டம் மேல. யார், என்ன, அப்புறம் என்ன எழவு?"

"எதை, எங்க." நழுவிய முனையை எடுத்த சின்னவள் கையை அப்படியே நிறுத்தினாள். "அண்ணி. நாலு கட்டம். நம்ம மடிப்பும் நாலு."

அண்ணி விரிப்பைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள், தொண்டையைச் செருமினாள். எந்தக் காரியத்தைத் தொடங்கும் முன்னும் அவள் ஒரு செருமல் செருமுவாள். "பிடி" என்றாள்.

முதல் மடிப்பு, வீ. இரண்டாம் மடிப்பு, ஃபோல்ட். சின்னவள் நடந்து வந்தாள், த ஷீட்ஸ். குனிந்து நிமிர்ந்தாள், இன் த ஹால். விரிப்பும் முடிந்தது, வாக்கியமும் முடிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். உருளைப் பக்கம் நின்றவர், "என்ன அண்ணி, லாட்டரியா விழுந்துச்சு?" என்றார்.

"வாக்கியம் விழுந்துச்சு" என்றாள் அண்ணி.

அதற்கப்புறம் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. அடுக்கு உயர உயர ஆங்கிலமும் உயர்ந்தது. ஐ வாஷ் த டவல்ஸ் இன் த மார்னிங். த நர்ஸ் வான்ட்ஸ் த பிளாங்கெட் இன் த வார்டு. தலையணை உறை, அறுவை அறையின் பச்சைத் துணி, குழந்தைகள் வார்டின் சின்ன விரிப்பு, எது கையில் வந்தாலும் அதற்கொரு வாக்கியம். டீச்சர் எழுதிப் போட்ட சொல்லெல்லாம் மூன்றாவது மடிப்பில் மாறி மாறி வந்து உட்கார்ந்தன. மற்றவர்கள் வகுப்பில் கொட்டாவி விட்டார்கள். இவர்களை எழுப்பினால் அண்ணி தொடங்க, சின்னவள் முடிக்க, தடங்கலே இல்லாமல் வந்தது. டீச்சர் கை தட்டினாள். அந்தக் கைதட்டலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது அவளுக்கும் தெரியவில்லை, இவர்களுக்கும் தெரியவில்லை.

வீட்டிலும் நடந்தது. மழை விடாததால் துவைத்த துணி முன்னறையில் கொடி கட்டித்தான் காய்ந்தது. அடுப்பில் சோறு கொதிக்கும், பக்கத்தில் உருளைக்கிழங்கு வேகும். அது வேகும் நேரத்துக்குள் காய்ந்த விரிப்பை எடுத்துப் பெயிண்டரின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நிற்பார்கள். அந்த அறையில் வேறு இடமில்லை. அவருக்கு மேலே விரிப்பு பறக்கும், ஆங்கிலமும் பறக்கும்.

"ஏய், இங்கிலீஷ்காரனுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? யாருன்னு சொன்ன உடனே என்ன பண்ணான்னு சொல்லிடணுமா?" என்றார் பெயிண்டர் கீழேயிருந்து. "நாமன்னா, அவன் அவளை நடுத்தெருவுல எல்லாரும் பார்க்கன்னு வரைக்கும் சொல்லிட்டு, கடைசியிலதான் அடிச்சானா கட்டிப்பிடிச்சானான்னு சொல்வோம். கேக்கறவன் எழுந்து போக முடியாது."

"நீங்க எப்படியும் எழுந்து போக முடியாது. பேசாம படுங்க" என்றாள் அண்ணி.

"படுத்துக்கிட்டேதான் இருக்கேன், வேற என்ன பண்றேன்?"

சிரிப்பாகத் தொடங்கிய பேச்சு அங்கே வந்ததும் அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது. தெருவில் தன் கையால் வண்ணம் அடிக்காத வீடு இல்லை என்று பெருமை பேசிய மனுஷன். இப்போது தண்ணீர் குடிக்கக்கூட ஒரு குரல் கொடுக்க வேண்டியிருந்தது. வீடு முழுக்க இரண்டு பெண்களின் வேலையில் நின்றது, அந்த வேலை நாலு மடிப்பில் நின்றது. அண்ணி அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு, "கடைசி ஒண்ணு, வாடி" என்று சின்னவளைக் கூப்பிட்டாள்.

கடைசி வாக்கியம் தினமும் ஒன்றுதான். அதைச் சொல்லாமல் அடுப்பை அணைப்பதில்லை. அண்ணி, "வீ... வொர்க்" என்பாள். சின்னவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்து, இரண்டு மடிப்புக்கும் சேர்த்து இழுத்து, "இன்... த வார்டு" என்பாள். சாமி கும்பிடுகிற மாதிரி சொல்வார்கள்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் சின்னவளின் இழுப்பில் ஒரு வெடுக்கு இருந்தது. அண்ணிக்குக் கை சொல்லிவிட்டது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"விரிப்பு வேற சொல்லுது."

சின்னவள் முனையை மார்போடு பிடித்துக்கொண்டாள். "நீங்க தேறிடுவீங்க அண்ணி. நான் தேறாம போயிட்டேன்னா? அண்ணன் வேற இப்படிக் கிடக்கறப்ப, நானும் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு... என்னால முடியாது. வேற எங்கயாவது போயிடுவேன்."

"போயி?"

"தெரியல."

"போக்கத்த பேச்சு பேசாத. நீ இல்லாம மறுமுனையை யார் பிடிப்பா? சுவத்துல ஆணி அடிச்சா மாட்டறது?"

சின்னவள் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. கட்டிலிலிருந்து பெயிண்டர், "கிழங்கு அடிப்பிடிக்குது, ரெண்டு பேர்ல யாராவது போங்கம்மா" என்று குரல் கொடுத்தார். அவருடைய குரலும் அவ்வளவு நன்றாக இல்லை.

மறுநாளும் மழை. மேடத்தின் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் துணியில்லாமல் பார்க்க என்னவோ போல இருந்தது. சிலர் தேறி வந்தார்கள், சிலர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து குடையை எடுத்துக்கொண்டு நேரே மழையில் இறங்கிப் போனார்கள். சின்னவளைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் அழுததை மறந்து தோளை நிமிர்த்திக்கொண்டு போனாள். அண்ணிக்குப் பெருமையாக இருந்தது.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். பேயறைந்த முகம்.

"என்னடி ஆச்சு?"

"வரல அண்ணி."

"எது வரல?"

"முதல் வார்த்தையே வரல. காலையில என்ன வேலை செய்வேன்னு கேட்டாங்க. 'த டவல்ஸ் இன் த மார்னிங்'னு சொன்னேன். யாருன்னு கேட்டாங்க. வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறேன். நீங்க ஆரம்பிப்பீங்கன்னு நிக்கிறேன். போர்வை எங்கன்னு கேட்டாங்க. 'இன் த வார்டு'ன்னேன். மறுபடி யாரு, என்னன்னு கேட்டாங்க. ஆரம்பிக்கவே தெரியல அண்ணி எனக்கு. ஒருநாள்கூட நான் ஆரம்பிச்சதே இல்ல."

 அண்ணி தனக்குத்தானே மெல்லச் சொல்லிப் பார்த்தாள். ஐ வாஷ். அதற்குமேல் போகவில்லை. த நர்ஸ் வான்ட்ஸ். அங்கே நின்றது. எத்தனை வாரமாக, எத்தனை விரிப்பில், மூட்டை மூட்டையாக வாக்கியம் மடித்து அடுக்கினார்கள்! எல்லாவற்றிலும் அவள் கையில் இருந்தது தலை மட்டும், சின்னவள் கையில் இருந்தது வால் மட்டும். விரிப்பு முழுசாக மடிந்ததால் வாக்கியமும் முழுசாகத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். இந்தத் தப்பை ஊரில் வேறு எவராலும் செய்திருக்க முடியாது.

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

மேடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், கண்டிப்பான முகம், ஆனால் கெட்ட முகம் இல்லை. ஓரமாக டீச்சர், உதவி செய்யக்கூடாது என்று சொல்லிவைத்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டு. மேடம் ஆங்கிலத்தில் கேட்டாள், காலையில் என்ன செய்வாய் என்று. கேள்வி புரிந்தது.

அண்ணி செருமினாள். "ஐ... வாஷ்..."

நின்றுவிட்டாள்.  எதிரே இருந்து வர வேண்டியது வரவில்லை. கைகள் இரண்டும் அவளைக் கேட்காமலே மார்புக்கு நேராக எழும்பி, இல்லாத மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றன. மேடம் அந்தக் கைகளைப் பார்த்தாள்.  மழைச் சத்தம் கேட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

மேசையின் ஓரத்தில், புது இயந்திரத்துக்கு மாதிரி பார்க்க வைத்திருந்த விரிப்பு ஒன்று கசங்கிக் கிடந்தது. கசங்கிய விரிப்பைப் பார்த்தால் அண்ணியின் கை சும்மா இருக்காது. போய் எடுத்தாள். இரண்டு மூலையைக் கண்டுபிடித்தாள். மறு இரண்டு மூலையை மேசைக்கு மேலாக நீட்டினாள். அவளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதைக் கேட்க அவளிடம் தயாராக ஒன்றும் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை, எந்த விரிப்பிலும் அது மடிக்கப்படவில்லை. ஆனாலும் வேண்டியிருந்தது, அதனால் வந்தது.

"மேடம்," என்றாள். "ப்ளீஸ் ஹோல்ட் த ஷீட்."

டீச்சர் கண்ணைத் திறந்தாள்.  மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, மூலைகளை வாங்கி, கட்டைவிரலை உள்ளே மடக்கிச் சரியாகப் பிடித்தாள். ஒரு காலத்தில் வார்டில் நர்சாக நின்று எத்தனையோ படுக்கை போட்ட கை அது, பிடியிலேயே தெரிந்தது. அண்ணிக்கு அவள் மேல் மரியாதை வந்தது.

ஒரே உதறல். அறைக்குள் காற்று வீசிற்று. முதல் மடிப்பு, ஐ. இரண்டாம் மடிப்பு, வாஷ். இப்போது மறுமுனை நடந்து வர வேண்டும். மேடம் நடக்கவில்லை, அவளுக்கு என்ன தெரியும், நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் நின்றால் விரிப்பு மடியாது. அண்ணி நடந்தாள். அவ்வளவு காலத்தில் முதல்முறையாக அவள் நடந்தாள். காலை எடுத்து வைத்ததும் நெஞ்சுக்குள் எங்கேயோ கிடந்தது கிளம்பி மேலே வந்தது. "த டவல்ஸ்" என்றாள். குனிந்து நிமிர்ந்தாள். "இன் த மார்னிங்" என்றாள். சின்னவளின் இழுப்பு, சின்னவளின் ராகம், சொல்லின் கடைசியில் ஒரு சின்னத் தூக்கல் உட்பட அப்படியே. எதிரில் நின்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த காது எதையும் தொலைக்கவில்லை.

மேடம் அடுத்ததைக் கேட்டாள். விரிப்பை மறுபடி விரித்தார்கள். போர்வை, தலையணை உறை, கிழிந்ததை என்ன செய்வாய், நர்ஸ் கோபித்தால் என்ன சொல்வாய். அண்ணி நின்றாள், நடந்தாள், நின்றாள், நடந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் மேடம் சிரித்து, "குட். வெரி குட். யூ கேன் கோ" என்றாள்.

அண்ணி போகவில்லை.

மடித்த விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போகச் சொன்னது புரியவில்லையோ என்று டீச்சர் வாயெடுத்தாள். அண்ணி செருமினாள். ஒவ்வொரு சொல்லாகத் தடவி எடுத்தாள்.

"மேடம். ப்ளீஸ் கால் மை சிஸ்டர் அகெய்ன்."

மேடத்தின் புருவம் ஏறியது. ஏன் என்று கேட்டாள்.

இதற்குச் சொல்லப் பெரிய கதை இருந்தது. பெட்டியோடு வந்து நின்ற காலை, கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடக்கும் மனுஷன், தலை ஒருத்தியிடமும் வால் ஒருத்தியிடமும் போன கூத்து. தமிழில் என்றால் பொழுது சாயும்வரை சொல்வாள். அவளிடம் இருந்ததோ நாலு கட்டம். யார், என்ன செய்கிறார், எதை.

"மை சிஸ்டர் அண்ட் ஐ," என்றாள், "ஃபோல்ட் ஒன் ஷீட்."

மேடம் தன் வெறுங்கையைப் பார்த்தாள், கொஞ்சம் முன்னால் அந்த விரிப்பின் முனை இருந்த கை.  டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வெளியே வந்த அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த சின்னவளைத் தோளைப் பிடித்து எழுப்பினாள். "மறுபடி கூப்பிடறாங்க. உள்ள விரிப்பு இருக்கு. மேடத்துகிட்ட ஒரு முனையைக் கொடு. நீ நின்னு ஆரம்பி, அப்புறம் நட. ரெண்டும் நீதான்."

"நான் எப்படி அண்ணி ஆரம்பிக்கிறது?"

"தினம் எதிர்ல நின்னு பார்த்தியே, அப்படி."

கதவு சாத்திக்கொண்டது. அண்ணி பெஞ்சில் உட்காரவில்லை, கதவோடு கதவாக நின்றாள். விரிப்பு உதறும் சத்தம் கேட்டது, அதில் காற்று இருந்தது. பிறகு மௌனம். அண்ணியின் உதடு தானாகக் குவிந்தது, அந்த முதல் சொல்லைத் தொடங்கிக் கொடுத்துவிட. பல்லைக் கடித்து நிறுத்தினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டது அன்றுதான்.  பிறகு உள்ளேயிருந்து ஒரு செருமல் கேட்டது. அச்சு அசல் அண்ணியின் செருமல்.

"ஐ," என்றாள் சின்னவள், கட்டைக் குரலில்.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பெயிண்டர் எட்டிய மட்டும் கையை நீட்டிக் கிழங்குக் கூடையை இழுத்து, படுத்தபடியே எல்லாவற்றையும் தோல் சீவி வைத்திருந்தார். பாதிக் கிழங்கு தோலோடு போயிருந்தது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், கேட்கவில்லை. கேட்கப் பயந்தார். சின்னவள் நேரே அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அண்ணி கொடியில் காய்ந்திருந்த விரிப்பை உருவினாள்.

"இந்தாங்க, இந்த முனையைப் பிடிங்க."

"நானா?"

"இங்க வேற யார் இருக்கா? பிடிங்க."

படுத்தபடி பிடித்தார். வண்ணச் சட்டி தூக்கிய கை, இறுக்கிப் பிடித்தது. அண்ணி அறையின் மறுகோடிக்குப் போய் நின்றாள். செருமினாள். முதல் மடிப்பு.

"வீ," என்றாள். இரண்டாம் மடிப்பு. "வொர்க்."

நடந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நின்று, அவர் முகத்தையே பார்த்தாள். மேலே ஒன்றும் சொல்லவில்லை. அத்தனை சாயங்காலம் நடுவில் படுத்து இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு அது தெரியாமலா போகும்? 

"இன்... த வார்டு?" என்றார்.

"ரெண்டு பேருமேதான்ணா!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பெயிண்டர் தலையாட்டினார். மறுபடியும் தலையாட்டினார். அண்ணி தன் முனையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் விரிப்பையும் விடவில்லை, அந்தக் கையையும் விடவில்லை.